வலி போன தோள்

நெம்மேலி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மருமகனுக்கு,

கையைத் தாங்கும் பவுச்சை ஒன்பதாம் நாளே கழற்றி ஹாஸ்டல் கொடியில் போட்டுவிட்டாயாமே. உன் அம்மா சொன்னாள். "வலியே இல்லையாம் அண்ணி, கை நல்லாயிடுச்சாம்" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. போனில் பேசினால் "சரி அத்தே, சரி அத்தே" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் பவுச்சை எடுத்து மாட்டிக்கொள். டாக்டர் மூன்று வாரம் என்றார். மூன்று வாரம்தான்.

அன்றைக்கு அலை உன்னைச் சறுக்குப் பலகையோடு புரட்டிப் போட்டபோது வலக்கை தலைக்கு மேலே போய்ப் பின்பக்கம் முறுக்கிக்கொண்டது. கரைக்கு வந்தபோது தோளின் உருண்டையைக் காணோம். ஹாங்கரில் மாட்டிய சட்டைபோல ஓரம் கூராக நின்றது. இழுத்து விடட்டுமா என்று உன் கூட்டாளிகள் கையைப் பிடித்தார்கள். உன் அப்பா தொடவிடவில்லை. துண்டால் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி ஆட்டோவில் ஏற்றினான். வாழ்க்கையில் அவன் பதறாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்குக் காரணம் உன் தாத்தா.

தாத்தாவுக்குத் தோள் கழன்றபோது எனக்குப் பத்து வயது. கரைவலை இழுக்கையில் அலை காலை வாரியது. கயிற்றை விடாமல் விழுந்தார். மணலில் படுக்க வைத்து, ஒருவர் அவர் அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுத்தார். 'டொக்'கென்று உள்ளே போனது. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதே முறைதான் என்று பின்னால் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் குப்பத்து ஆட்கள் யாரும் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. முறையைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால், எலும்பில் விரிசல் இருந்தால் அது பிளந்துவிடும். அக்குள் வழியாகப் போகும் நரம்பும் நசுங்கலாம். தாத்தாவுக்கு அதெல்லாம் ஆகவில்லை. அவருக்கு நேர்ந்தது வேறு. நாலே நாளில் வலி நின்றது. ஆறாம் நாள் கடலுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் மறுபடி கழன்றது. அப்புறம் வலை வீசும்போது, தூக்கத்தில் புரளும்போது, ஒரு தடவை பரணிலிருந்து பானை எடுக்கும்போது. கடைசியில் சுவரில் சாய்ந்து தானே உள்ளே தள்ளிக்கொள்ளப் பழகிவிட்டார். நாற்பத்தைந்து வயதில் கடலை விட்டார். கொட்டகையில் உட்கார்ந்து, வலது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை மட்டும் அசைத்துக் கிழிந்த வலை பின்னுவாரே, நீகூடப் பார்த்திருக்கிறாய். வயசாளி வேலை என்று நினைத்திருப்பாய். கையைத் தூக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

அதனால்தான் நான் பிசியோதெரபி படிக்கப் போனேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். உண்மை அதில்லை. நர்சிங்கில் இடம் கிடைக்கவில்லை.

உன் தோளுக்குள் என்ன நடந்தது என்று கேள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவீர்களே, தோள் மூட்டு அதுதான். மேல்கை எலும்பின் தலை எலுமிச்சம்பழம். அது உட்காரும் குழி ஸ்பூன். இடுப்பு மூட்டில் குழி ஆழமான கிண்ணம். பந்து சுலபத்தில் வெளியே வராது, அதற்கு விலையாகக் கால் இஷ்டத்துக்குச் சுழலாது. உடம்பிலேயே அதிகமாகச் சுழலும் மூட்டு தோள். அதற்கும் ஒரு விலை உண்டு: சுலபத்தில் கழன்றுவிடும். அந்த ஆழமில்லாத குழியைச் சுற்றி லேப்ரம் என்று ஒரு குருத்தெலும்பு விளிம்பு இருக்கிறது, தட்டுக்கு விளிம்பு வைத்ததுபோல. கழன்றவர்களில் பெரும்பாலோருக்கு உன்னைப்போல முன்பக்கமாகத்தான் கழலும். அப்படிப் போகிறபோது முன்விளிம்பைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆர்தர் பாங்கார்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1923-இல் இதை விளக்கி எழுதினார். இன்றைக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அவர் பெயரைப் போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

சரி, விளிம்பு பிய்ந்த பிறகு பழத்தை ஸ்பூனில் நிறுத்துவது எது? கட்டுமரத்தை நினைத்துக்கொள். பைபர் போட்டுகளுக்கு நடுவே இப்போது ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகிறது. அதில் ஆணி கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைப்பார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். அலையில் நெகிழ்ந்து கொடுப்பதும் கயிறுதான், சேர்த்துப் பிடிப்பதும் கயிறுதான். உன் தோளைச் சுற்றி அப்படி நாலு தசை இருக்கிறது: சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ். நாலையும் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். கண்ணாடியில் தெரியாத தசைகள் இவை. ஜிம்மில் நீ தூக்கும் பளு நெஞ்சுக்கும் புஜத்துக்கும்தான் போகிறது, இவற்றுக்கு அல்ல.

வீக்கம் வடிந்தால் வலி போகும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள். கிழிந்த இடம் ஒட்டிக் கெட்டிப்பட வாரக்கணக்கு, பிறகு மாதக்கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள காலத்தில்தான் தாத்தா கடலுக்குப் போனார். நீ இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறாய். உன் வயசும் உனக்கு எதிரி. முதல்முறை கழலும்போது இருபது வயதுக்குள் இருந்தால் பாதிப் பேருக்கு மேல் மறுபடி கழல்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. அவர்களுக்குத் தசைநார் கிழிவதுதான் கவலை.

"வாஷிங்டன் சுந்தர் ரெண்டு மாசத்துல வந்துட்டாரே" என்று அம்மாவிடம் வாதாடினாயாம். வந்தார், உண்மைதான். 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தில் லங்காஷயர் அணிக்கு ஆடும்போது தோளில் அடிபட்டு, ஜிம்பாப்வே பயணம் கைவிட்டுப் போனது. அக்டோபர் 11-ஆம் தேதி தில்லியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகப் பந்து வீசி, 15 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். ஆனால் அடிபட்டது இடத் தோள், அவர் பந்து வீசுவது வலக்கையால். அவர் காயம் வேறு, உன் காயம் வேறு. உனக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஷ்ரேயஸ் ஐயரைப் பார். 2021 மார்ச் 23-ஆம் தேதி புனேயில் பாய்ந்து பந்தைத் தடுக்கப்போய் இடத் தோள் விலகியது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை. செப்டம்பர் 22-ஆம் தேதிதான் துபாயில் மறுபடி மட்டையைப் பிடித்து 47 ரன் அடித்தார், அவுட் ஆகாமல். கூப்பிட்ட குரலுக்கு டாக்டரும் பிசியோவும் வந்து நிற்கிற ஆளுக்கே ஆறு மாதம் ஆயிற்று.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழை. கழற்றும்போது அந்தக் கை கடைசி. படுக்கும்போது முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை, இல்லாவிட்டால் மடித்த போர்வை. கை பின்னால் சரியக் கூடாது. பக்கெட் தண்ணீர் இடக்கையில். விரலையும் மணிக்கட்டையும் முழங்கையையும் பவுச்சுக்கு வெளியே எடுத்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மடக்கி நீட்டு. மூன்று வாரத்துக்குள் கழற்றாதே என்று சொல்கிற நானே, மூன்று வாரத்துக்குப் பிறகும் மாட்டிக்கொண்டு திரியாதே என்றும் சொல்வேன். ஆட்டாமலே வைத்தால் மூட்டு இறுகிவிடும். நம் தெருவில் சர்க்கரை இருக்கிற பெண்கள் எத்தனை பேர் கை தூக்கித் தலை பின்ன முடியாமல் இருக்கிறார்கள், பார்த்திருக்கிறாய் அல்லவா?

முதல் பயிற்சி ஊசல். இடக்கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலக்கையைத் தொங்கவிடு. கையை ஆட்டாதே, இடுப்பை ஆட்டு. கை தானாக ஆடும். பாஸ்டனில் இருந்த காட்மன் என்ற டாக்டர் பெயரால் வழங்குகிற பயிற்சி இது. பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், அதனாலேயே பையன்கள் கையை வீசி வீசிச் சுற்றிக் கெடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது கதவு நிலை. முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுக்கில் ஒரு மடித்த துண்டை வைத்துக்கொள். துண்டு விழக்கூடாது. புறங்கையால் நிலையை வெளிப்பக்கம் தள்ளு. நிலை நகராது, நகரவும் வேண்டாம். பத்து எண்ணும் வரை பிடித்து விடு. பத்துத் தடவை. பிறகு உள்ளங்கையால் உள்பக்கம் தள்ளு. முழு பலத்தையும் காட்டாதே, மூன்றில் ஒரு பங்கு போதும். அப்புறம் இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் சேர்த்துக் கீழே இறக்குவது. போன் பார்த்துப் பார்த்துக் கூன் விழுந்த உன் முதுகுக்கு இது தோள் கழலாமல் இருந்தாலும் தேவைதான்.

நாலைந்து வாரம் போனதும் ரப்பர் பட்டை. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று வலு ஏறிக்கொண்டே போகும். காசு செலவழிக்க வேண்டாம், சைக்கிள் ட்யூப் போதும். ஜன்னல் கம்பியில் கட்டி, அதே துண்டை இடுக்கிக்கொண்டு, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் இழு. திரும்பி வரும்போது ட்யூப் உன் கையை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. நீ அதைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அந்தத் திரும்பும் பாதியில்தான் தசைக்கு வேலை. வலி கொஞ்சம் இருக்கலாம். பத்துக்கு மூன்று என்றால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அது மிச்சமிருந்தால் முந்தின நாள் அதிகமாகச் செய்துவிட்டாய் என்று பொருள், அன்றைக்குக் குறை.

ஒன்றை மட்டும் மூன்று மாதத்துக்குத் தொடாதே. கையைப் பக்கவாட்டில் தூக்கி, உள்ளங்கை முன்னால் பார்க்கப் பின்னுக்குக் கொண்டுபோகிற நிலை. வீச்சு வலை வீசுகிறவன் கை வீசுவதற்கு முன் எங்கே இருக்கும், அந்த இடம். சோதிக்கும்போது நாங்களும் அந்த நிலைக்குத்தான் கையைக் கொண்டுபோவோம். கழலப்போகிறது என்று நோயாளியின் முகம் மாறும். அந்த முகமாற்றம் நிற்கிற வரைக்கும் பலகை பரணில் இருக்கட்டும்.

இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். கரண்ட் வைத்துக்கொள்ள வரிசை நிற்கும். எக்சர்சைஸ் என்றால் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள். கரண்டும் மெழுகும் வலியைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். கயிறு முறுக்கேறுவது நீ இழுக்கிற இழுப்பில். பக்கவாதம் வந்த எதிர்வீட்டு ஆயாவைக் கேள். 2021-இல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கும் கதவில் கயிறு மாட்டி, நல்ல கையால் விழுந்த கையை இழுத்துக்கொண்டிருக்கிறாள், டிவி சீரியல் பார்த்துக்கொண்டே.

தோளின் வெளிப்பக்கம், போலீஸ்காரர் பட்டை ஒட்டுகிற இடம், மரத்துப்போனாலோ, கை சில்லிட்டாலோ, மறுபடி கழன்றாலோ வார்டனிடம் சொல்லி நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. நண்பன் யூட்யூப் பார்த்து இழுக்க வருவான், விடாதே. இன்னொரு தரம் கழன்றால் துளை போட்டுத் தைக்கிற அறுவை சிகிச்சையைப் பற்றி டாக்டர் பேசுவார். அது தோல்வி இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் இதே ஊசல், இதே கதவு நிலை, முதலிலிருந்து.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு அது மறக்கவில்லை. உன்னைக் கடலை விடச் சொல்லி நான் எழுதவில்லை. அலைக்கு நடுவே பலகையில் குப்புறப் படுத்துத் துழாவுகிறபோது ஒவ்வொரு துழாவலுக்கும் இந்தத் தோள்தான் வேலை செய்ய வேண்டும். இடக்கையின் பலத்தில் பத்துக்கு ஒன்பது பங்காவது வலக்கைக்கு வரட்டும். நானே அளந்து பார்ப்பேன். அன்றைக்கு நீயே பலகையை இறக்கு.

அடுத்த சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் வந்துவிடு. வரும்போது பழைய சைக்கிள் ட்யூப் ஒன்று கொண்டுவா. பங்ச்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

அன்புடன்,
அத்தை