பல்செட்டைக் கழற்றிய பின் துலக்க வேண்டியவை

கீழ்த்தாடைப் பல்செட்டு நிலைகொள்ளாமல் ஆடுவதால் அவதியுறும் முதியவர்களுக்கு, எலும்பில் இரண்டு டைட்டானியம் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் பல்செட்டைச் சட்டைப் பொத்தான்போல் அழுத்திப் பொருத்துமாறு அமைத்துத் தருகிறோம். இந்த இம்பிளான்ட் சிகிச்சைக்குப் பின் மெல்லுவதும் பேசுவதும் எளிதாகின்றன. ஆயினும் மறுபரிசோதனைக்கு வருவோரிடம் ஒன்றை அடிக்கடி காண்கிறோம். பல்செட்டு பளிச்சென்று இருக்கும். அதைக் கழற்றினால், ஈறுக்கு வெளியே தெரியும் இரண்டு உலோக முனைகளைச் சுற்றி மஞ்சள் நிறப் படிவு படர்ந்திருக்கும். பல ஆண்டுகள் பல்லில்லாமல் பழகியவர்களுக்கு, வாய்க்குள் துலக்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே.

இம்பிளான்ட் சொத்தையாவதில்லை என்பது உண்மை. கெடுவது அதைத் தாங்கும் ஈறும் எலும்பும். இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் ஊன்றிப் பிணைந்திருக்கும். திருகின்மேல் அவை அணைந்து நிற்குமே தவிர, ஊன்றுவதில்லை. எனவே கிருமிகள் ஆழத்தில் இறங்குவது எளிது. அப்போதும் பெரும்பாலும் வலி இராது. வலி இல்லையே என்று இருந்துவிடுவதுதான் இதில் நாங்கள் அஞ்சுவது. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் நிலையில் சுத்தம் செய்தால் அது தேறிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் தானாக மீண்டும் வளர்வதில்லை. கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் புகையிலைப் பழக்கமும் இந்த அபாயத்தை அதிகரிக்கின்றன.

காலையிலும் இரவு உறங்குமுன்னும் பல்செட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு முனையையும் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு எனச் சுற்றிலும் துலக்க வேண்டும். நாக்கை ஒட்டிய பின்புறம்தான் பலரும் தவறவிடும் இடம். கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பல்பொடி ஆகியவை வேண்டா. அவை கீறிய இடத்தில் அழுக்கு மேலும் படியும். பல்செட்டைச் சோப்பு நீரால், அதன் உட்புறத்து வளையங்களையும் சேர்த்துக் கழுவுங்கள். கை நழுவினாலும் உடையாதிருக்க, கீழே நீர் நிறைந்த பாத்திரம் ஒன்றை வைத்துக்கொள்வது நலம். கொதிநீர் பட்டால் பல்செட்டின் வடிவம் மாறிவிடும். இரவில் அதைச் சாதாரண நீரில் இட்டு வையுங்கள்.

மூட்டுவலியால் பிரஷ்ஷைப் பற்ற இயலாதவர்கள் அதன் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொள்ளலாம். கைநடுக்கமோ பக்கவாதமோ உள்ளவர்களுக்கு வீட்டிலுள்ளோரே துலக்கிவிட வேண்டும். அப்பாவின் வாயைத் திறந்து பார்க்கப் பிள்ளைகள் கூச்சப்படுவதையும், அவர் அதற்கு இணங்க மறுப்பதையும் நாங்கள் அறிவோம். வாரத்துக்கு ஒருமுறையேனும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஈறு சிவந்தோ, துலக்கும்போது இரத்தம் கசிந்தோ, சீழோ துர்நாற்றமோ இருந்தாலோ தாமதியாமல் அழைத்து வாருங்கள்.

பல்செட்டு மட்டும் தளர்ந்திருந்தால் உள்ளிருக்கும் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். அதை மாற்றுவது சிறு வேலை. திருகே அசைவதாகத் தெரிந்தால், அன்றே வாருங்கள்.