களைப்பு வேறு, பலம் வேறு

அன்பு மருமகளே,

சிவகாசியில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கும் ஜிம்மில் நீ சேர்ந்துவிட்டாய் என்று அண்ணன் சொன்னதும் மனம் நிறைந்துபோனது. ஆனால் மதினி, அதாவது உன் அம்மா, "தினமும் பயர் ஆபீஸில் படுற பாடு போதாதா, காசு குடுத்து வேற பாடுபடணுமா?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அதைத் தள்ளிவிடாதே. நம் நாரணாபுரத்தில் உழைக்கும் எந்தப் பெண்ணும் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான்.

அந்தப் பட்டாசு ஆலையில் அம்மா சரம் பின்னும்போது ஒருநாள் நின்று கவனித்துப் பார். காலை மடக்கி உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை அதே இருப்புதான். முதுகு வளைந்து கழுத்து குனிந்தே இருக்கும். வெடியை நூலில் கோத்து இழுக்கும் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்துத்தான் எழுகிறார். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தொடைக்கும் முதுகுக்கும் அசைவே இல்லை. விரலுக்கோ ஓய்வே இல்லை. அதில் களைப்பு வரும், வலி வரும், பலம் வராது. தசை பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டும். பிறகு ஓய்வு கொடுக்க வேண்டும். உடம்பு தேறியதும் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். பலம் வரும் வழி அதுதான். பயர் ஆபீஸிலும் அது இல்லை, நீ நாளெல்லாம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அச்சாபீஸிலும் இல்லை.

அதனால் வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள். திங்கள், புதன், வெள்ளி எடைப் பயிற்சி. செவ்வாயும் சனியும் கார்டியோ. வியாழன் லேசான நடை போதும். ஞாயிறு முழு ஓய்வு. உழைத்த தசை தேற ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்திருப்பது அதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவை நோக்கி இது உன்னைக் கொண்டுபோகும்: வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

எடை தூக்கும் நாளில் ஐந்து அசைவுகள் போதும். உட்கார்ந்து எழும் ஸ்குவாட், கீழிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், நெஞ்சிலிருந்து தள்ளும் பிரஸ், மேலிருந்து இழுக்கும் புல்டவுன், வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பிளாங்க். பிளாங்க் தவிர மற்றதில் பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று செட். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகு வளையக் கூடாது. மூன்று செட்டும் பன்னிரண்டைத் தொட்ட பிறகு எடையைக் கூட்டு. கைப் பயிற்சிக்கு ஒரு கிலோ கூட்டினாலே அதிகம்தான். டெட்லிஃப்டை மட்டும் அவசரப்படாமல் கற்றுக்கொள். இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து, எடையைக் காலோடு ஒட்டித் தூக்கு. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இடுப்புப் பிடிக்காமல் தூக்குவதும் இதே முறையில்தான்.

கார்டியோ நாளில் சைக்கிளோ ட்ரெட்மில்லோ, அரை மணி முதல் முக்கால் மணி வரை. பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. அதுதான் சரியான வேகம். இரண்டையும் ஒரே நாளில் செய்ய நேர்ந்தால் எடையை முதலில் முடி. கால் ஓய்ந்த பிறகு ஸ்குவாட் செய்தால் முழங்கால்தான் தாங்க வேண்டியிருக்கும். நம்ம ஊர் வெயிலில் மதியத்தில் போகாதே. காலையோ, விளக்கு வைத்த பிறகோ போ. வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடி.

எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாய் என்று யாராவது சொல்வார்கள். அந்த அளவுக்குத் தசை பெருக்கத் தேவையான ஹார்மோன் பெண் உடம்பில் மிகக் குறைவு. 2000-இல் சிட்னியில்தான் முதன்முதலாகப் பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அங்கேயே நம் பக்கத்து ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். பொள்ளாச்சிக் கிட்டம்மாள் பாட்டி 2025-இல், 82 வயதில், போட்டி மேடையில் 50 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். மதினிக்கு அவர் கதையைச் சொல்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஜிம்மில் சீக்கிரம் மூச்சு வாங்கினால் சோம்பேறித்தனம் என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிட்டுத் தேறிக்கொள், பிறகு எடையைக் கூட்டலாம். புரோட்டீன் பவுடர் வாங்கக் காசைக் கொட்டாதே. முட்டை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கருவாடு, கம்மங்கூழ், முருங்கைக்கீரை எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. சாப்பாட்டோடு டீ குடிக்காதே, இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாது. மாதவிலக்கு நாளில் முடிந்தால் செய், முடியாவிட்டால் நடந்துவிட்டு வா.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிட்டால் அச்சாபீஸில் உனக்கு ஓவர்டைம்தான், தீபாவளி வரை அம்மாவுக்கும் ஓய்வில்லை. ஜிம்மில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றுவிடுவது அப்போதுதான். நீ நின்றுவிடாதே, குறைத்துக்கொள். வாரம் இரண்டு நாள் எடை மட்டும், அரை மணி நேரம் போதும். சேர்த்த பலம் கரையாது. தை பிறந்ததும் பழைய கணக்குக்குத் திரும்பிவிடலாம். அதற்கு முன் அம்மாவுக்கு ஒரு வேலை கற்றுக்கொடு: நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவது, காலையில் பத்து, மாலையில் பத்து. தன் முழங்காலில் பலம் ஏறுவது தெரிந்த பிறகு உன் ஜிம் காசைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார்.

அன்புடன்,
உன் அத்தை