பரு களிம்பு முகத்தை எரித்தால்...

பருக்களுக்காக மருத்துவர் எழுதித் தந்த களிம்பைப் பூசி வந்த பிள்ளை, ஒரு நாள் காலையில் முகம் சிவந்து, தோல் உரிந்து வந்து நிற்கும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாமே முடிவு கட்டி நிறுத்திவிடுகிறோம். பிறகு பரு திரும்பி வருகிறது; தழும்பும் தங்கிவிடுகிறது. அவசரப்படாமல், நடப்பது என்னவென்று முதலில் புரிந்துகொள்வோம்.

ஏன் எரிகிறது?

அடாபலீன், டிரெட்டினாயின் போன்றவை வைட்டமின் 'ஏ' குடும்பத்து மருந்துகள். இவற்றை ரெட்டினாய்டு என்பார்கள். தோலின் செல்களை வேகமாகப் புதுப்பித்து, அடைபட்ட துவாரங்களைத் திறந்துவிடுவது இவற்றின் வேலை. அப்போது மேல்தோலின் காப்பு சற்றுத் தளர்கிறது. எனவே முதல் 2 முதல் 4 வாரங்களில் வறட்சியும் லேசான எரிச்சலும் வருவது வழக்கம்தான். பெரும்பாலும் இது ஒவ்வாமை அல்ல.

பல மாதம் பழகிய பிறகு திடீரென எரிந்தால், புதிதாக என்ன சேர்ந்தது என்று பாருங்கள். ஸ்க்ரப், புதிய ஃபேஸ்வாஷ், எலுமிச்சைச் சாறு, பிளீச், த்ரெட்டிங், கடும் வெயில் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கல்யாணம் நெருங்கும் வீடுகளில் சீட்டில்லாமல் கடையில் வாங்கும் சிவப்பழகு களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் மூன்றும் கலந்திருக்கும். பரு களிம்போடு அதையும் பூசினால், ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிறது. ஸ்டீராய்டு முதலில் முகத்தைத் தெளிவாக்குவதுபோல் காட்டி, நாளடைவில் தோலை மெலியச் செய்துவிடும்.

என்ன செய்யலாம்?

1. எரிச்சல் அடங்கும்வரை சில நாள்கள் களிம்பை நிறுத்துங்கள். மென்மையான சோப்பும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் மட்டும் போதும்.
2. மீண்டும் தொடங்கும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் பூசுங்கள். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான். கண்ணோரம், மூக்கோரம், உதட்டை விட்டுவிடுங்கள்.
3. முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய 20 நிமிடமாவது விடுங்கள். முதலில் மாய்ஸ்சரைசர் தடவி, அதன்மேல் களிம்பு பூசினால் எரிச்சல் குறையும்.
4. பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் அவசியம்.

ஒளு செய்வோர் கவனத்திற்கு

ஐவேளை ஒளுவுக்கு முகம் கழுவுவதால் பயப்பட வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்; சோப்பு நாளுக்கு 2 முறைக்கு மேல் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மாய்ஸ்சரைசர் தடவுங்கள். இஷா தொழுத பின் களிம்பைப் பூசினால் பஜ்ருவரை அது முகத்தில் இருக்கும். பகலில் ஒளுவுக்குப் பின் வெளியே போவதானால் சன்ஸ்கிரீனை மறுபடி பூசிக்கொள்ளுங்கள்.

உடனே மருத்துவரிடம்

கண், உதடு வீங்கினாலும், கொப்புளம் வந்தாலும், நீர் வடிந்தாலும், உடலில் தடிப்பு பரவினாலும் களிம்பை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் இவ்வகைக் களிம்பைத் தவிர்க்க வேண்டும்; மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பரு அடங்க 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை பிள்ளையின் முகத்தைக் குறை சொல்லாமல் இருப்பதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான்.