தீனிப்பண்டாரம்

பள்ளி விட்டு வந்ததும் முறுக்கு டின்னைத் தேடும் என் எட்டு வயது மகனை, மாமியார் ‘தீனிப்பண்டாரம்’ என்கிறார். அப்படி அழைப்பதைத் தடுக்கலாமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

தடுக்க வேண்டாம், சகோதரி. பந்தியில் மூன்றாம் முறையும் சாம்பார் கேட்பவனைச் ‘சாப்பாட்டு ராமன்’ என்றும், இலை எடுத்த அரைமணிக்குள் வாய் நமநமக்கிறதென்று அடுக்களையை வட்டமிடுபவனைத் ‘தீனிப்பண்டாரம்’ என்றும் அழைப்பது, பெரும்பாலும் ஊட்டி வளர்த்த கைகளுக்கே உரிய பாத்தியதை. வேர்க்கடலையைத் தோல் ஊதி ஒவ்வொன்றாய்க் கொறிப்பவனுக்கும், இரு கன்னமும் உப்ப முறுக்கை மொக்குபவனுக்கும் உள்ள பேதத்தை நம் பாட்டிமாரைப் போல் சூக்ஷ்மமாய்க் கவனித்தவர் வேறு யார்? இத்தகைய பரிகாசம் மறைந்துபோவது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் உங்கள் மகனுடைய சிநேகிதர்கள் முன்னிலையில் அப்பெயர் வேண்டாமென்று மாமியாரிடம் பக்குவமாய்ச் சொல்லுங்கள். வீட்டுக்குள் செல்லமாயிருப்பது தெருவில் பட்டப்பெயராகி ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் உண்ட பிள்ளைக்கு மாலை நாலு மணிக்குப் பசிப்பது இயற்கை; முதலில் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுங்கள், முறுக்கு பிறகு இரண்டு போதும்.