நாய்க்குட்டியும் தடுப்பூசியும்

ஊசி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே உள்ளம் நடுங்குவோர் நம்முள் பலர் உளர். பள்ளிக்கு மருத்துவர் வந்து ஊசி போடும் நாளில், வரிசையின் முன்னிடத்தை நாடுவாரினும் பின்னிடத்தை நாடுவாரே மிகுதி. காரணம் அறிந்து, ஆறுதல் மொழியும் கேட்டு நிற்கும் நமக்கே இந்நிலையாயின், ஏன் எதற்கு என்று அறியாமல் மருத்துவரின் மேசைமீது நிறுத்தப்படும் நாய்க்குட்டியின் நிலையை என்னென்பது! ஆயினும், அங்குச் சென்று கண்டவர் அறிவர். குட்டி அவ்வளவாக அஞ்சுவதில்லை. அதனைத் தூக்கிச் செல்லும் நாமே அஞ்சுகிறோம். அந்த அச்சம் நீங்கியதும், கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

இதனை நான் நூலில் கற்றேன் அல்லேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் மணி என்னும் குட்டி வளர்ந்தது. கரிய உடலும் வெண்ணிறப் பாதங்களும் உடைய நாட்டு நாய்க்குட்டி அது. பிறந்த 45ஆம் நாளில் அதற்கு முதல் தடுப்பூசி போடப்பட்டது. மூன்று வாரம் கழித்து மீண்டும் கொண்டு வருமாறு கூறி, மருத்துவர் அட்டையில் நாளும் குறித்துக் கொடுத்தார். அஃது அறுவடைக் காலம். குறித்த நாள் வந்ததும் சென்றதும் எங்கள் நினைவில் இல்லை. ஊசி போட்ட குட்டிதானே என்னும் துணிவில் அதனைத் தெருவெங்கும் திரியவிட்டோம். 75 நாள் நிரம்புமுன், ஒருநாள் காலை அது பாற்சோற்றை முகர்ந்தும் பாராமல் மூலையில் சுருண்டு கிடந்தது. நண்பகலில் வாந்தி, மாலையில் இரத்தம் கலந்த கழிச்சல். மருத்துவர் இரண்டு நாட்கள் ஊசி வழியே நீர் ஏற்றிப் பெரிதும் முயன்றார். மூன்றாம் நாள் விடியலில் மணி இறந்தது. “ஊசி போட்டோமே, பின் ஏன் இறந்தது?” என்று என் தங்கை அழுதுகொண்டே கேட்டாள். அவளுக்கு மருத்துவர் கூறிய விடையை இன்றும் நான் மறந்திலேன்.

பிறந்த குட்டியின் உடல் நோயோடு போரிடக் கல்லாதது. அதனைக் காப்பது தாயின் சீம்பால். பசு கன்று ஈன்றவுடன் சுரக்கும் சீம்பாலை நாம் அறிவோம். நாயும் அவ்வாறே முதற்பாலைச் சுரக்கின்றது. தாய் தன் வாழ்நாளில் எதிர்த்து வென்ற நோய்களுக்கும், போட்டுக்கொண்ட தடுப்பூசிகளுக்கும் ஏற்ப அதன் குருதியில் தோன்றிய எதிர்ப்பொருள்கள் அப்பாலில் கலந்துள்ளன. பிறந்த முதல் நாளளவே குட்டியின் குடல் அவற்றைச் சிதைக்காமல் குருதிக்குள் ஏற்கும். பின்னர் அவ்வாயில் அடைபட்டுவிடும். முதல் நாளில் தாய்ப்பால் பெறாத குட்டி நோய்க்கு எளிதில் இரையாவது இதனாலேயே.

வெளியூர் செல்லும் மகனுக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு போன்றது இப்பாதுகாப்பு. பசியை ஆற்றும், ஆனால் நாளுக்கு நாள் குறையும். குட்டியின் குருதியில் உள்ள தாயின் எதிர்ப்பொருள் ஏறத்தாழ பத்து நாட்களுக்கு ஒருமுறை பாதியாகின்றது. கட்டுச்சோறு தீர்வதற்குள் மகன் தானே சமைக்கக் கற்றல் வேண்டும். அச்சமையலைக் கற்பிக்கும் ஆசானே தடுப்பூசி. வலுவிழக்கச் செய்த நோய்க்கிருமியையோ கொல்லப்பட்ட கிருமியையோ அது உடலுக்குக் காட்டுகிறது. உடலும் அதனை அடையாளம் கண்டு, தனக்கு வேண்டிய எதிர்ப்பொருளைத் தானே ஆக்கப் பழகுகிறது.

இங்கு ஓர் இடர் உண்டு. கட்டுச்சோறு கையில் உள்ளவரை மகன் அடுப்பு மூட்ட எண்ணான். அதுபோல, தாயின் எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும்போது தடுப்பூசி போட்டால், அப்பொருளே மருந்தில் உள்ள கிருமியைப் பற்றி அழித்துவிடும். குட்டியின் உடல் ஒன்றும் கற்பதில்லை. சில நாட்கள் சென்றபின் அத்தாய்ச்செல்வம் தேய்ந்து, நோயைத் தடுக்கப் போதாததாகி, அதே வேளையில் தடுப்பூசியைத் தடுக்க மட்டும் போதியதாய் நிற்கும். மிகக் கொடிய காலம் இதுவே. ஒரு குட்டிக்கு இக்காலம் 7ஆம் வாரத்தில் வரலாம்; அதனோடு பிறந்த மற்றொன்றிற்கு 13ஆம் வாரத்தில் வரலாம். புறத்தே நோக்கி அறிய இயலாது. ஆதலின், 6 முதல் 8 வாரத்திற்குள் முதல் ஊசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை மீண்டும் போட்டு, 16 வாரம் நிரம்பிய பின்னரே கடைசி ஊசியைப் போடுகின்றனர். முதல் ஊசியின் வலிவு போதாமல் இரண்டாவது போடப்படுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, எந்த ஊசி பயன்தரும் என்பது தெரியாமையால் எல்லாவற்றையும் போடுகிறோம். மணிக்குப் போட்ட முதல் ஊசி அதன் தாயின் அன்பினாலேயே வீணாயிற்று எனலாம்.

மணியைக் கொன்றது பார்வோ என்னும் வைரஸ். பூனைகளைத் தாக்கும் ஒரு வைரசுக்கு நெருங்கிய இனம் இது. 1978ஆம் ஆண்டில் நாய்களிடையே புதிய நோயாகக் கண்டறியப்பட்டு, இரண்டாண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. குடலின் உட்புறத்தை அரித்துக் குட்டியின் உடல்நீரை வற்றச் செய்வது இதன் இயல்பு. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் இவ்வைரஸ் பல மாதங்கள் அழியாது கிடக்கும். செருப்பின் அடியில் ஒட்டியும் வீட்டினுள் புகும். ஆகவே, வீட்டை விட்டு வெளியேறாத குட்டியும் இதற்குத் தப்பியதன்று. டிஸ்டெம்பர் என்பது மற்றொன்று. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், இருமல், காய்ச்சல் எனத் தொடங்கி, மூளையைப் பற்றி வலிப்பை உண்டாக்கும். இவ்விரண்டோடு கல்லீரலைத் தாக்கும் நோயையும் தடுக்கும் மருந்து ஒரே ஊசியில் கலந்து வருகிறது. எலியின் சிறுநீரால் பரவி மனிதரையும் பற்றும் எலிக்காய்ச்சலுக்கான மருந்தையும் நம் நாட்டில் பெரும்பாலும் உடன் சேர்ப்பர்.

மருத்துவமனையில் நிகழ்வன யாவை? மருத்துவர் உடனே ஊசியைக் கையில் எடுப்பதில்லை. குட்டியின் எடையை நிறுப்பார். உடல் வெப்பத்தை அளப்பார். ஈறு, கண், வயிறு இவற்றைப் பார்ப்பார். குடற்புழு நீக்கும் மருந்து எப்பொழுது கொடுத்தீர்கள் என்று வினவுவார். காய்ச்சலோ கழிச்சலோ உள்ள குட்டிக்கு அன்று ஊசி போடாமல் வேறு நாள் குறிப்பார்; அதற்காக அவரிடம் சினங்கொள்ளுதல் தகாது. நலமான குட்டியாயின், குளிர்பெட்டியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுப்பார். அதன் அடியில் வெண்ணிற வில்லை போல் உலர்ந்த மருந்து இருக்கும். உடன் வரும் நீர்மத்தை அதனுள் செலுத்திக் கரைத்து, காலந்தாழ்த்தாமல் ஊசியில் ஏற்றுவார். கழுத்தின் பின்புறத் தோலைக் கூடாரம் போல் உயர்த்தி, அதன் அடியில் செலுத்துவார். தாய் நாய் குட்டியைக் கவ்வித் தூக்கும் தளர்ந்த தோல் அது. ஒரு துண்டு ரொட்டியைக் கண்முன் காட்டினால், ஊசி புகுந்ததையே அறியாத குட்டிகளும் உண்டு. பின்பு மருந்தின் பெயரும் எண்ணும் அச்சிட்ட சீட்டை அட்டையில் ஒட்டி, அடுத்த நாளையும் எழுதிக் கொடுப்பார்.

உடனே புறப்படாமல் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருத்தல் நன்று. மிகச் சில குட்டிகளுக்கு மருந்து ஒவ்வாமல் முகம் வீங்கும், தோலில் தடிப்புத் தோன்றும், அடுத்தடுத்து வாந்தியெடுக்கும், ஈறு வெளுத்துத் தளர்ந்து விழும். இவை அரிதாக நிகழ்வன. ஆனால் நிகழ்ந்தால் நிமிடங்களில் மருந்து வேண்டும். வீடு திரும்பிய பின்னர்க் குட்டி வழக்கத்தினும் மிகுதியாக உறங்கும். உணவைப் பாதி வைக்கும். உடல் சிறிது வெதுவெதுப்பாகும். ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் முனகும். இவை ஓரிரு நாளில் நீங்கும். பட்டாணி அளவு கட்டி ஒன்று தோன்றினால், அதுவும் சில வாரங்களில் கரையும். நமக்குரிய காய்ச்சல் மாத்திரையைக் குட்டிக்குக் கொடுத்தல் நஞ்சு கொடுப்பதை ஒக்கும். மூன்றாம் நாளும் சோர்வு நீங்காவிடில் மருத்துவரை நாட வேண்டும்.

பார்வோவும் டிஸ்டெம்பரும் மனிதரைத் தீண்டா. வெறிநாய்க்கடி நோயோ அத்தகையதன்று. அதன் குறிகள் தோன்றிய பின் பிழைத்தோர் மிக மிக அரியர். ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 மக்கள் இந்நோயால் இறக்கின்றனர் என்று 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு நோய் நாயின் பல்வழியே வந்ததாகும். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இந்நோயின் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காத்தார். அதற்கு முன்னரே அவர் தம் முறையை நாய்களிடம் செலுத்தி ஆய்ந்திருந்தார். மனிதனுக்கு முன் அம்மருந்தை ஏற்றது நாயே. இன்று குட்டிக்கு 12 வாரம் நிரம்பியதும் இந்த ஊசியைப் போட்டு, ஓராண்டு கழித்து மீண்டும் போடுகின்றனர். குட்டிதானே, பல்லும் சிறிதுதானே என்று கருதி, விளையாட்டில் அது கடித்த கீறலைப் புறக்கணித்தல் ஆகாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மணி இறந்தபின், அது கிடந்த தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் பலமுறை கழுவினோம். ஓராண்டு கழிந்த பின்னரே முத்து என்னும் மற்றொரு குட்டியைக் கொணர்ந்தோம். இம்முறை அட்டையை நாட்காட்டியோடு சேர்த்து ஆணியில் மாட்டியவள் என் தங்கை. 8, 12, 16 ஆகிய வாரங்களில் அவளே நாள் எண்ணி எங்களை அழைத்துச் சென்றாள். அதுவரை முத்துவின் பாதம் தெருமண்ணில் படவில்லை. ஆயினும் அதனை இருட்டறையில் அடைத்துவைத்தோம் அல்லேம். அவ்வயதில் உலகைக் காணாத குட்டி பின்னர் எல்லாவற்றிற்கும் மிரளும் என்று மருத்துவர் கூறியிருந்தார். மாலைதோறும் தங்கை அதனைத் தோளில் சார்த்திக்கொண்டு வாயிலில் நின்று, பேருந்தையும் மாட்டுவண்டியையும் காய்கறி விற்பவரையும் காட்டுவாள். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதனை முதன்முதலாகத் தெருவில் இறக்கிவிட்டாள். முத்து சிறிது நேரம் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது. பின்பு மண்ணை முகர்ந்து பார்த்தது.