சூனேமியாளின் மாடி அறை

வேத பாடம்: 2 இராஜாக்கள் 4:8-13



சூனேம் ஊர் அம்மாள் எலிசாவுக்குச் சாப்பாடு போட்டதோடு நிற்கவில்லை. இந்த மனுஷன் ராத்திரி எங்கே படுப்பார் என்று யோசித்தாள். மாடியிலே ஒரு அறை எழும்பிற்று.

நாமோ இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பிரியாணி கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். அதே பிள்ளை 18 வயது முடிந்து பெட்டியோடு வெளியே வந்தால் எங்கே போகும்? போடியிலே விடியற்காலை ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிவிட்டால் ஐ.டி.ஐ. படிப்பு பாதியிலே போச்சு!

1. சட்டம் கைவிடவில்லை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்திலே 21 வயதுவரை பிற்காப்பு உண்டு. 2016 மாதிரி விதிகள் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, தொழிற்பயிற்சி, ஆலோசகர் என்கின்றன. 2022இல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலின்படி ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்க இடமுண்டு.

2. பணம் மட்டும் போதாது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்க ஆள் வேண்டுமே!

3. நாம் செய்யவேண்டியது. தேனி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் யாரையும் கூட்டிவராதிருங்கள். அறைச் சாவியைத் தம்பி கையிலே கொடுங்கள். வேலைக்காரனாக நடத்தாதிருங்கள். சபைக்கு வந்தால்தான் இடம் என்றும் சொல்லாதிருங்கள். சூனேமியாள் பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லையே!

உங்கள் மாடி அறையிலே இன்று என்ன கிடக்கிறது? பழைய ஏலக்காய்ச் சாக்குதானா? ஜெபத்தோடு சிந்திப்போம்.