அகல டயரும் வேக வண்டியும்

விரைந்து செல்லும் காரைக் கண்டால் நம் கண் அதன் டயர்களில்தான் முதலில் நிற்கிறது. டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு என்பது பலருடைய நம்பிக்கை. அதில் பாதி உண்மை; மற்றப் பாதி ஆபத்து. மழைக் காலத்து நெடுஞ்சாலையில் அந்த மற்றப் பாதிக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம். ஆகவே, இதனைச் சற்று ஆராய்வது நலம்.

எண்கள் கூறும் செய்தி

டயரின் பக்கச் சுவரில் 205/55 ஆர் 16 91 வி என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இது தரையில் படியும் பகுதியின் அகலம் அன்று. காற்றடைத்த டயரின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர்வரை உள்ள அகலம். அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு, சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றது.

ரிம்தான் எல்லை

டயரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ரிம்மின் அகலம். 195/65 ஆர் 15 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரையிலும், 205/55 ஆர் 16-க்கு 5.5 முதல் 7.5 வரையிலும், 225/45 ஆர் 17-க்கு 7 முதல் 8.5 வரையிலும் உள்ள ரிம்கள் பொருந்தும். ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலும்.

குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் என்ன ஆகும்? சுவர்கள் உள்நோக்கி நெருங்கும்; தரையில் படும் பரப்பின் நடுப்பகுதி புடைக்கும்; ஓரங்கள் சரியாகப் படியமாட்டா. வளைவில் டயர் பக்கவாட்டில் சாயும். வாங்கிய அகலம் வீண். மாறாக, மிக அகன்ற ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டினால் ரிம்மின் விளிம்பு பள்ளத்துக்கும் கல்லுக்கும் இரையாகும். காற்றுக் குறைந்த வேளையில் டயர் ரிம்மை விட்டே கழலலாம்.

அகலம் தருவது என்ன?

உராய்வு பரப்பைப் பொறுத்ததன்று எனப் பள்ளியில் படித்தோம். ரப்பர் அந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. அழுத்தம் மிகுந்தால் அதன் உராய்வு எண் சற்றுக் குறைகிறது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தரையில் படியும் பரப்பை ஏறத்தாழ முடிவு செய்வது சுமையும் காற்றழுத்தமுமே. ஒரு சக்கரத்தில் 400 கிலோ சுமை. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.2 கிலோ. அப்படியானால் பரப்பு சுமார் 180 சதுர சென்டிமீட்டர். அகலத்தைக் கூட்டினால் இப்பரப்பு பெரிதும் கூடுவதில்லை. நீண்டு ஒடுங்கியிருந்தது குறுகி அகன்றதாகும், அவ்வளவே.

பின் பயன் எங்கிருந்து வருகிறது? அகன்ற டயர் அதே சுமையைக் குறைந்த காற்றழுத்தத்தில் தாங்கும். அப்போது பரப்பு உண்மையாகவே கூடும். வெப்பம் அதிக ரப்பரில் பரவுவதால் மென்மையான, பிடிப்பு மிக்க ரப்பரைப் பயன்படுத்தலாம். சுவர் தாழ்ந்திருப்பின் ஸ்டியரிங்குக்கு வண்டி உடனே செவிசாய்க்கும். இக்காரணங்களால்தான் 2017-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முன் டயரை 245-இலிருந்து 305 மில்லிமீட்டராகவும், பின் டயரை 325-இலிருந்து 405 ஆகவும் அகலப்படுத்தினர். ஆனால் 2026 விதிகளில் முன்னே 25, பின்னே 30 மில்லிமீட்டர் குறைத்துவிட்டனர். அகலம் எடையையும் காற்றுத் தடையையும் கூட்டுகிறது அல்லவா?

மழை என்னும் தேர்வு

நனைந்த சாலையில் டயர் தண்ணீரைப் பிளந்து தரையைத் தொட வேண்டும். அகன்ற டயர் ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கிறது. முடியாதபோது நீரின்மேல் மிதக்கிறது. மிதக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. விமான டயர்களைக் கொண்டு நாசா 1963-இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 பவுண்டு அழுத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதப்பு நேரலாம். அகன்று குறுகிய பரப்புடைய கார் டயர் அதற்கும் முன்பே மிதக்கக்கூடும்; தேய்ந்த டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு கணக்கு

6 அங்குல ரிம்மில் 195/65 ஆர் 15 டயர் உள்ள வண்டி. டயரின் முழு விட்டம்: சுவர் 126.75 × 2, அதனுடன் ரிம் 381, ஆக 634.5 மில்லிமீட்டர். ரிம்மை மாற்றாமல் 225/60 ஆர் 15 போட்டால் விட்டம் 651 ஆகும். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 103-இல் ஓடும். 225/45 ஆர் 17-இன் விட்டம் 634.3, பொருத்தம் சரி, ஆனால் 7 அங்குலத்துக்குக் குறையாத புது ரிம் வேண்டும். 6.5 அங்குல ரிம்மில் 205/55 ஆர் 16 போட்டால் விட்டம் 631.9, மழையிலும் வெயிலிலும் ஓடும் வண்டிக்கு இதுவே நடுவழி.

அகலம் குறைந்தால் இழுக்கில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2012-இல் வந்த டொயோட்டா 86 என்னும் விளையாட்டுக் காருக்கு 215/45 ஆர் 17 டயரே போதுமென வைத்தனர். பிடிப்பின் எல்லையை மிதமான வேகத்திலேயே ஓட்டுநர் உணர வேண்டும் என்பது நோக்கம்.

ஆகவே, ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்கு வண்டி கட்டும் நண்பர்களும், சொந்தக் காருக்கு டயர் மாற்ற எண்ணும் நண்பர்களும் இவ்வரிசையை நினைவிற் கொள்க: முதலில் ரிம், அடுத்து விட்டம், பிறகு சுமை எண்ணும் வேகக் குறியும், பின்னர், திருப்பும்போது மட்கார்டில் உரசாத இடைவெளி, இவை யாவும் பொருந்திய பின்னரே அகலம். கண்ணுக்கு அழகு என்பதற்காக அகலத்தை முதலில் வைப்பவர், கணக்கைக் கடைசியில் போட நேரும்.